'அலிகார்' காட்டும் உண்மை

ஒருவர் இல்லத்துள் அத்துமீறி நுழைய மற்றவர்க்கு உரிமை உண்டா? ஹன்சல் மேத்தா இயக்கி 2016இல் வெளிவந்த 'அலிகார்' என்னும் இந்திப் படம் இவ்வினாவையே எழுப்புகின்றது. இது வெறுங்கற்பனையன்று, நடந்த கதை.

இராமச்சந்திர சிராஸ் மராத்திப் பேராசிரியர், கவிஞர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் தற்கால இந்திய மொழிகள் துறைக்குத் தலைவர். நம் தமிழும் அத்துறையில் கற்பிக்கப்படுகின்றது. 2010 பிப்ரவரி 8ஆம் நாள் இரவு, சிலர் காமிராவுடன் அவர் வீட்டுள் புகுந்து, அவரும் ஓர் ஆடவரும் தனித்திருந்ததைப் படம் பிடித்தனர். பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. வயது வந்த இருவர் இசைந்து தனிமையில் கொள்ளும் ஒருபாலுறவு குற்றமாகாது எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2009லேயே தீர்ப்பளித்திருந்ததன்றோ! ஏப்ரல் 1இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் இடைநீக்கத்தை நிறுத்தி வைத்தது. ஏப்ரல் 7இல் வாடகை அறையில் அவர் பிணமாகக் கிடந்தார். நீதி வந்தது, அதை நுகர அவர் இல்லை.

மனோஜ் பாஜ்பாய் பேராசிரியராகவே வாழ்ந்து காட்டுகின்றார். தனியே அமர்ந்து லதா மங்கேஷ்கரின் பழைய பாட்டைக் கேட்கும் காட்சி ஒன்றே போதும். வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் தனிமையை, அல்சூரில் அறையெடுத்துப் படிக்கும் நாம் அறிவோம். அவருடையதோ அதனினும் கொடிய தனிமை.

2013இல் உச்சநீதிமன்றம் தில்லித் தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6இல் அதே மன்றம் உரிமையை நிலைநாட்டியது. சட்டம் திருந்திவிட்டது. நண்பர்களே, விடுதி வாயிலில் நின்று கேலி பேசும் நம் நாவும் திருந்த வேண்டாமா?