ஸ்கேனர் காணாத ஓட்டை

2017ஆம் ஆண்டு மார்ச் 15 அன்று, அமெரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஈக்விஃபாக்ஸ் நிறுவனம், 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்னும் மென்பொருளில் எட்டு நாள்களுக்கு முன் பகிரங்கமான பழுதொன்று தன் சர்வர்களில் எங்கேனும் உண்டா என்று ஸ்கேனர் கொண்டு பரிசோதித்து, எங்கும் இல்லை என்ற விடையைப் பெற்றது. பழுதோ, வாடிக்கையாளர் முறையீடுகளுக்கென வைத்திருந்த இணையதளத்தில் பத்திரமாக இருந்தது. போதாக்குறைக்கு, முகம் தெரியாத அந்நியர் மார்ச் 10 அன்றே துழாவிப் பார்த்து அதைக் கண்டுபிடித்துமிருந்தனர்.

ஸ்கேனர் செய்யும் காரியத்தில் மாயம் ஒன்றுமில்லை. நெட்வொர்க்கிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் அணுகி, எந்தெந்த போர்ட் திறந்திருக்கிறது, அங்கே பதில் சொல்லும் மென்பொருள் எது, அதன் பதிப்பு என்ன என்று விசாரித்து, கிடைத்த விடைகளை ஏற்கெனவே அறியப்பட்ட பழுதுகளின் ஜாபிதாவோடு ஒப்பிட்டு அறிக்கை தருவதே அதன் தொழில். காவலனுக்கும் கள்வனுக்கும் அது பேதமின்றி ஊழியம் செய்யும் என்பதனால்தான், 1995இல் டான் ஃபார்மரும் வீட்ஸே வெனிமாவும் 'சாட்டன்' (சாத்தான்) என்ற ஸ்கேனரை எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டபோது பலத்த ஆட்சேபம் எழுந்தது. (அப்பெயரைச் சகியாதவர்கள் 'சான்டா' என்று மாற்றிக்கொள்ளவும் அதிலேயே வசதி இருந்தது!) ஆட்சேபித்தவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை: கள்வன் எப்படியும் தேடத்தான் போகிறான்.

ஈக்விஃபாக்ஸின் ஸ்கேனர் தவறியதற்குக் காரணம் அற்பமானது. அது தளத்தின் மேல்மட்ட ஃபோல்டரை மட்டும் பார்த்தது. ஸ்ட்ரட்ஸ் இருந்ததோ உள்ஃபோல்டர் ஒன்றில். காணாமையைக் கொண்டு இன்மையை நிச்சயிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட நம் மீமாம்சகர்கள், இருந்திருந்தால் கண்ணுக்குப் புலப்பட்டே தீரும் என்கிற இடத்தில் மட்டுமே அது செல்லும் என்று நிபந்தனையும் விதித்தார்கள். 'பழுதில்லை' என்ற அறிக்கையைப் படிக்கும் நிர்வாகி கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. எந்தெந்த சர்வர்கள் நம்முடையவை என்ற முழுக் கணக்கு கையில் இருந்ததா? ஸ்கேனரை வாசலில் நிறுத்தி விசாரித்தோமா, கடவுச்சொல் கொடுத்து உள்ளே அனுப்பினோமா? இவற்றுக்கு விடை இல்லாதவரை, அறிக்கை வெறும் காகிதம்.

மே 13 அன்று புகுந்த திருடர், ஏறத்தாழ 14.7 கோடி பேரின் விவரங்களைக் கவர்ந்தனர். அது வெளிப்பட்டதும் ஸ்கேனரால் அன்று. நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்கும் சாதனம், காலாவதியான சான்றிதழால் பல மாதங்கள் குருடாகிக் கிடந்து, ஜூலை 29 அன்று அச்சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட பிறகே சந்தேகத்துக்குரிய நடமாட்டத்தைக் காட்டிக்கொடுத்தது.