மஞ்சளும் தண்டுவடமும்

குழந்தை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டால் நம் கை முதலில் போவது அஞ்சறைப் பெட்டிக்குத்தான். அந்த மஞ்சளை வைத்து, தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு மருந்து காண முடியுமா என்று பல நாடுகளில் ஆராய்ந்து வருகிறார்கள். “அட, நம்ம மஞ்சளா!” என்று பெருமையாக இருக்கிறதல்லவா? முழு விஷயத்தையும் தெரிந்துகொண்டே பெருமைப்படுவோம்.

உள்ளே நடப்பது என்ன?

முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றைதான் தண்டுவடம். சுண்டுவிரல் பருமன், சுமார் 45 செ.மீ. நீளம். மூளையின் கட்டளை கை கால்களுக்குப் போவது இதன் வழியாகத்தான். மாடியிலிருந்து விழுந்தோ, ஸ்கூட்டர் விபத்திலோ இது நசுங்கினால், அந்த இடத்துக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் போய்விடலாம்.

சேதம் அந்த ஓர் அடியோடு நிற்பதில்லை. ஒரு வீட்டில் பிடித்த தீ பக்கத்து வீடுகளுக்கும் பரவுவது போல, அடுத்த சில மணி நேரத்தில் வீக்கமும் அழற்சியும் பரவி, அடிபடாத நரம்பு செல்களையும் அழிக்கின்றன. இது வாரக்கணக்கில்கூட நீடிக்கும்.

இந்த இரண்டாவது சேதத்தைத் தடுக்கத்தான் தாவரப் பொருள்களைச் சோதிக்கிறார்கள். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், வெங்காயத்தில் உள்ள குவெர்செடின், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் ஆகியவை அவற்றில் சில. அடிபட்ட எலிகளுக்குக் குர்குமின் கொடுத்தபோது பல சோதனைகளில் அழற்சி குறைந்தது. கால் அசைவும் ஓரளவு தேறியது.

ஆனால் அவை எலிகள். மனிதர்களின் தண்டுவடக் காயத்துக்கு மருந்து என்று எந்தத் தாவரப் பொருளும் இன்னும் ஏற்கப்படவில்லை.

“தினம் மஞ்சள் பால் குடுத்தா போதாதா?”

போதாது. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய நூற்றுக்கு 3 பங்குதான். அதுவும் ரத்தத்தில் எளிதில் சேராது. 1998-ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், சிலருக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் மிகச் சொற்பமே தெரிந்தது. மிளகிலுள்ள பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது சுமார் 20 மடங்கு கூடியது. மிளகு ரசத்தில் மஞ்சள் போடும் நமக்கு இது சந்தோஷம்தான்! ஆனால் 2 கிராம் குர்குமினுக்குச் சுமார் 65 கிராம் மஞ்சள் தூள் வேண்டும். ஒரு நாள் சமையலில் நாம் போடுவதோ சில சிட்டிகை!

“அப்ப மாத்திரையா வாங்கிக் குடுக்கலாமே” என்று தோன்றலாம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். குர்குமின் மாத்திரையால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவும் ஏற்படலாம்.

நம் கையில் இருப்பது

* உயரத்திலிருந்து விழுந்தவர் கழுத்தோ முதுகோ வலிக்கிறது என்றாலும், கை கால் மரத்துவிட்டது என்றாலும், உட்கார வைக்காதீர்கள், தூக்கி நிறுத்தாதீர்கள். தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

* எண்ணெய் தேய்த்து நீவுவது, சுளுக்கு எடுப்பது கூடவே கூடாது. தண்ணீர், காபி எதுவும் வேண்டாம்.

* கால் செயலிழந்து வீடு திரும்பியவர் படுத்த படுக்கையாக இருந்தால், 2 மணிக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வையுங்கள். படுக்கைப் புண் உயிருக்கே ஆபத்தாகலாம்.

* டாக்டர் சொன்ன பயிற்சிகளை “என்ன பிரயோஜனம்?” என்று நிறுத்திவிடாதீர்கள்.

பிரயோஜனம் உண்டு என்பதற்கு டாக்டர் மேரி வர்கீஸே சாட்சி. 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். இவருடைய முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் பிறந்தது.

நாளைக்கு மஞ்சளிலிருந்தே ஒரு மருந்து வரலாம், வரட்டும். அதுவரை மஞ்சள் சமையலில் இருக்கட்டும். அடிபட்டவரை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதை, வீட்டில் எல்லோருக்கும் இன்றே சொல்லி வையுங்கள்.