தவளை முட்டையும் புற்றுநோயும்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக இலுக்கும்புர நோக்கி ஏறிச் செல்லும் பாதை, தேயிலைத் தோட்டங்களைக் கடந்து நக்கிள்ஸ் மலைத்தொடரின் முகில் படிந்த காட்டினுள் நுழைகின்றது. தவளை இனங்களுக்கு இம்மலை ஒரு கருவூலம். தவளை என்றதும் குளமும் அதில் நீந்தும் வாற்பேயும் எவர்க்கும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் இம்மலையின் புதர்த் தவளைகளுக்குக் குளம் வேண்டுவதில்லை. பெண் தவளை ஈர மண்ணைக் கிளறி முட்டையிட்டு மூடிவிடும். சில இனங்கள் இலைமேல் இடும். முட்டையிலிருந்து வெளிப்படுவது வாற்பேயன்று; கால் நான்கும் அமைந்த சிறு தவளையே. பிட்டவலப் பத்தனைப் பக்கத்துப் பாறைகளில் வாழும் மற்றோர் இனத்தின் வாற்பேய்களோ, நீர் கசியும் பாறை முகத்தில் ஒட்டியபடியே வளர்கின்றன. நக்கிள்ஸைத் தவிர உலகில் வேறெங்கும் அவ்வினம் இல்லை.

வளரும் வழி எதுவாயினும், தொடக்கத்தில் எல்லா முட்டைக்கும் ஒரு வினா உண்டு. உருண்டையான ஒற்றைக் கலம், முதுகு எப்பக்கம், வயிறு எப்பக்கம் என்பதை எங்ஙனம் தீர்மானிக்கின்றது? 1924ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பேமானும் அவர் மாணவி ஹில்டே மங்கோல்டும், தவளைக்கு உறவான நியூட் என்னும் ஈரூடகவாழியின் முளையத்திலிருந்து சிறு துண்டொன்றை எடுத்து, மற்றொரு முளையத்தின் வயிற்றுப் புறத்தில் பதித்தனர். அங்கே இரண்டாவது முதுகும் முள்ளந்தண்டும் தோன்றின. ஓருடலில் இருவர் ஒட்டிப் பிறந்தாற்போலாயிற்று. அத்துண்டு அண்டைக் கலங்களுக்கு ஏதோ ஆணையிடுகின்றது என்பது தெளிவாயிற்று. ஆணை யாது என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் புலப்படவில்லை.

விடையின் ஒரு பகுதி, எவரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. 1982இல் ரோயல் நஸ்ஸே, ஹரோல்ட் வார்மஸ் என்னும் இருவர், சுண்டெலிகளுக்கு மார்புப் புற்றுநோயை உண்டாக்கும் வைரசு ஒன்றை ஆராய்ந்தனர். அவ்வைரசு ஒரு குறிப்பிட்ட பரம்பரையலகின் அருகே புகுந்து, அதை ஓயாது இயங்கச் செய்வதைக் கண்டனர். 1987இல் அதே பரம்பரையலகு பழ ஈயிலும் இருப்பது தெரிந்தது. அது பழுதுற்றால் ஈக்குச் சிறகு முளைப்பதில்லை. சிறகற்ற அந்த ஈயை 1973ஆம் ஆண்டிலேயே விவரித்தவர் ஆர். பி. சர்மா என்னும் இந்திய ஆய்வாளர் என்பது நம் நாட்டார் பலரும் அறியாத செய்தி.

1989இல் அன்ட்ரூ மக்மகனும் ராண்டல் மூனும் இந்தப் புற்றுநோய்ப் பரம்பரையலகின் செய்தியை ஆபிரிக்க நகத் தவளையின் முளையத்தினுள் ஊசியால் செலுத்தினர். நகத் தவளையின் முட்டை ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுப் பெரியது. தாயின் உடலுக்கு வெளியே வளர்வது. ஆகவே ஆய்வுக்கு வாய்ப்பானது. விளைவு வியப்புக்குரியது: முதுகு அச்சு இரட்டித்த வாற்பேய்கள் தோன்றின. ஸ்பேமான் கத்தி கொண்டு செய்ததை, சுண்டெலியின் புற்றுநோய்ப் பரம்பரையலகு செய்து காட்டிற்று!

இஃது இயங்கும் முறையை ஒரு குளத்தின் மதகைக் கொண்டு விளக்கலாம். கலத்தினுள் பீற்றா-கற்றெனின் என்னும் புரதம் வாய்க்கால் நீர்போல் ஓயாது வந்து சேர்கின்றது. சில புரதங்கள் கூடி அமைந்த மதகொன்று அதை உடனுக்குடன் வெளியேற்றி அழித்துவிடுகின்றது. வெளியிலிருந்து செய்தி வந்தால் மதகு அடைபடும், நீர்மட்டம் உயரும், புரதம் கலத்தின் கருவினுள் புகுந்து, உறங்கிக் கிடக்கும் பரம்பரையலகுகளை எழுப்பும். தவளை முட்டையில் விந்தணு நுழைந்தபின், முதற்பிளவுக்கு முன்னரே, புறப்படை ஏறத்தாழ முப்பது பாகை சுழல்கின்றது. அடியிலிருந்த பொருள் ஒருபக்கமாக நகர்ந்து, அப்பக்கத்து மதகை அடைக்கின்றது. அங்கேதான் முதுகு தோன்றும்.

மனிதப் பெருங்குடற் புற்றுநோய்களிற் பெரும்பாலானவற்றில் இம்மதகின் முக்கிய உறுப்பொன்று முறிந்திருக்கின்றது. செய்தி வராதபோதும் நீர் வடிவதில்லை. கலமும் பெருகுவதை நிறுத்துவதில்லை.

தவளை முட்டை புற்றுநோயை முன்கூட்டியே சுட்டியதும் உண்டு. வால் கோணிய சுண்டெலிகளிடம் பழுதுற்றிருந்த அக்சின் என்னும் உறுப்பை 1997இல் தவளை முளையத்தில் செலுத்தியபோது, முதுகு தோன்றாமற் போயிற்று. அக்சினும் மதகின் ஒரு பலகையே என்பது அதனால் விளங்கிற்று. மூன்றாண்டு கழித்து, மனித ஈரற் புற்றுநோய்கள் சிலவற்றில் அதே அக்சின் கெட்டிருப்பது கண்டறியப்பட்டது.

அவ்வாறாயின் இவ்வழியையே மருந்தால் தடுத்துவிடலாகாதா எனக் கேட்கத் தோன்றும். இடர்ப்பாடு அங்கேதான் உள்ளது. முளையத்தை உருவாக்கிய செய்தி, வளர்ந்த உடலிலும் ஓய்வதில்லை. சில நாளுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் குடற்சுவரும், தேய்ந்து தேய்ந்து வளரும் எலும்பும் அதனையே நம்பியிருக்கின்றன. அச்செய்தியை மறிக்கும் மருந்துகளை நோயாளரிடம் சோதித்தபோது, சிலருக்கு எலும்பு முறிவு நேர்ந்தது. ஆதலின் இன்றைய ஆய்வாளர் அளவைக் குறைத்தும், இடைவெளி விட்டும், எலும்பைக் காக்கும் மருந்தைச் சேர்த்தும் முயல்கின்றனர்.