பேரீச்சம் பழத்துக்குப் போகவேண்டிய கார் டைனோசர் ஆனது!

விருதுநகர்—

காயலான் கடைத் தராசில் ஏற்றிவிட்டால் காரின் கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறோம்? அதுதான் இல்லை!

அமெரிக்காவில் ஜிம் கேரி என்று ஒரு சிற்பி இருந்தார். (சிரிப்பு நடிகர் அல்ல. இவர் வேறு ஆள்.) உடைந்த கார்களைக் கழற்றி டைனோசர் செய்வதுதான் அவர் தொழில். ஸ்பிரிங் பட்டை விலா எலும்பு ஆகும். பிரேக் ஷூ பாதம். ஆயில் சம்ப் தாடை. மேலே பளபளவென்று கார் பெயிண்ட்! 1990-ல் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில், நிஜ டைனோசர் எலும்புகள் இருக்கும் அதே கட்டிடத்தில், இந்தக் கார் டைனோசர்களும் நின்றன. 2006-ல் அவர் காலமானார்.

நம் நாட்டிலும் உண்டு. 2023-ல் ஜி-20 மாநாட்டுக்காக டெல்லி சாணக்யபுரியில் ஒரு பூங்கா அமைத்தார்கள். இந்தியாவுக்கு மயில், ஆஸ்திரேலியாவுக்கு கங்காரு என்று அந்தந்த நாட்டு மிருகம், பறவை எல்லாம் பழைய இரும்பில். செய்தவர்கள் லலித் கலா அகாடமி சிற்பிகள்.

போலீஸ் நிலைய வாசலில்...

இங்கே இரும்புக்கா பஞ்சம்? எந்த போலீஸ் நிலையத்தின் பக்கமும் எட்டிப் பாருங்கள். விபத்தில் நொறுங்கிய கார், மணல் லாரி, அனுமதி இல்லாமல் பட்டாசு ஏற்றிவந்த வேன். உள்ளே செடி முளைத்திருக்கும். ஆனால் தொட முடியாது. எல்லாம் வழக்குச் சொத்து!

இப்படிப் போட்டு வைக்கச் சட்டம் சொல்கிறதா? சொல்லவில்லை. நீண்ட நாள் நிலையத்தில் வைத்திருப்பதில் பயன் இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-லேயே (சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கு) கூறிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டம் இன்னும் கறார். பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளில் விவரப் பட்டியல் தயாராக வேண்டும். போட்டோ, வீடியோ எடுக்க வேண்டும். அடுத்த 30 நாளில் என்ன செய்வது என்று உத்தரவு.

வண்டிக்காரர்கள் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் சகிதம் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் மனுப் போட்டால், ஜாமீன் பத்திரத்தின் பேரில் வண்டியைத் திரும்ப வாங்க வழி உண்டு. லோன் கட்டிக்கொண்டே வண்டி துருப்பிடிப்பதைப் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஆள் வராத வண்டி ஏலத்துக்கு வரும். துரு தின்ற தகட்டில் வெல்டிங் பிடிக்காது. அது நேரே பேரீச்சம் பழத்துக்குத்தான்!