முற்றத்து முருங்கையும் மகளின் கூந்தலும்

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என நம் முன்னோர் வகுத்தனர். குளிர்நாடுகளில் இளவேனில் என்றால் பனி உருகி, மண் இளகி, விதை விதைக்கும் பருவம். நம் நாட்டிலோ அது வெயில் ஏறும் பருவம்; ஆடியில் விதைக்கப் போகின்றவற்றிற்கு ஆயத்தம் செய்யும் பருவம். வேம்பு பூக்கின்றது, புங்கு தளிர்க்கின்றது. முற்றத்தில் பாய் விரித்து மிளகாயும் வற்றலும் காயவைப்பார்கள். அந்தப் பாயின் ஓரத்தில் ஒரு காலத்தில் சீயக்காயும் காய்ந்தது. இன்று அநேக இல்லங்களில் பாயும் இல்லை, முற்றமும் இல்லை. சீயக்காய் டப்பா இருந்த மாடத்தில் ஷாம்புப் பொட்டலங்கள் சரமாகத் தொங்குகின்றன.

பழமை யாவும் நன்று, புதுமை யாவும் தீது என்று வாதிட இதனை எழுதவில்லை. தோட்டமும் அடுக்களையும் குளியலறையும் தனித்தனியானவை அல்ல. ஒரே வட்டத்தின் மூன்று பகுதிகள். அவ்வட்டம் ஓரிடத்தில் அறுபட்டாலும் இழப்பு குடும்பம் முழுமைக்குமே. இதனை எனக்கு உணர்த்தியது ஒரு தாயின் கவலை.

ஒரு தாயின் கவலை

சில ஆண்டுகளுக்கு முன் நான் சந்திக்கச் சென்ற ஒரு வீட்டில், அந்தத் தாய் சீப்பில் சுருண்டிருந்த முடியைக் காட்டிக் கண்கலங்கினார். "சாமி, மூணு மாசமா இப்படிக் கொத்துக் கொத்தாக் கொட்டுது. எத்தனை எண்ணெய் வாங்கிட்டேன்!" என்றார். பதினேழு வயது மகள் சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். காலையில் என்ன உண்டாய் என்று கேட்டேன். தேநீரும் இரண்டு ரொட்டித் துண்டுகளும் என்றாள். சன்னல் வழியே பார்த்தேன். கொல்லையில் ஒரு முருங்கை, இலை பறிப்பாரின்றி அடர்ந்து நின்றது. "கம்பளிப்பூச்சி வருது, வெட்டிடலாம்னு இருக்கோம்" என்றார் தாய்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு மகளை அழைத்துச் செல்லும்படி கூறினேன். அங்கே இரத்தத்தைச் சோதித்தனர். பெண்களுக்கு 12 கிராமேனும் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 8 கிராமே இருந்தது. எண்ணெய்ப் புட்டிகளில் தேடிய மருந்தை இரத்தத்தில் அன்றோ தேடியிருக்க வேண்டும்!

இது ஒரு வீட்டுக் கதை அன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள்.

முடி சொல்லும் செய்தி

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் ஓய்ந்து உதிர்கின்றது. ஆகவே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே. கடுங்காய்ச்சல், மகப்பேறு, பெருந்துயரம் ஆகியவற்றிற்குப் பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி மிகுதியாக உதிர்வதும் உண்டு. பெரும்பாலும் அது தானே சீராகும். ஆனால் சோர்வும் வெளிறிய முகமும் சேர்ந்திருப்பின், உடல் எதையோ வேண்டி நிற்கின்றது என்று பொருள்.

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. அதனைக் காக்கலாமேயன்றி வெளியிலிருந்து ஊட்டி வளர்க்க இயலாது. உயிருள்ள பகுதி தோலுக்குள் இருக்கும் வேர். அதற்கு உணவு கொண்டுசெல்வது இரத்தம். இரத்தத்திற்கு உணவு தருவது நம் தட்டு. தட்டை நிரப்ப வல்லது நம் தோட்டம்.

முருங்கைக்கீரையில் இரும்புச் சத்தும் சுண்ணச் சத்தும், வைட்டமின் ஏ ஆக மாறும் பொருளும் உண்டு. எனினும் கீரையிலுள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் ஏற்கின்றது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா போன்ற புளிப்பும் பழமும் உடனிருந்தால் அந்தப் பங்கு கூடும். உணவோடு தேநீர் அருந்தினால் குறையும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்பு தேவை. பெண்ணுக்கோ 29 மில்லிகிராம். நம் இல்லங்களில் கடைசியாக உண்பவர் யார்? எஞ்சியதை உண்பவர் யார்? ஒவ்வொரு குடும்பத் தலைவரும் இதனைத் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இளவேனில் வேலைகள்

தோட்டம் என்றதும் ஏக்கர்க் கணக்கில் நினைக்க வேண்டாம். மாடியில் நான்கு தொட்டிகள், கிணற்றடியில் ஒரு பாத்தி போதும்.

உதிர்ந்த வேம்பு, புங்கு இலைகளை எரிக்காதீர்கள். ஒரு குழியில் சருகு ஓர் அடுக்கு, காய்கறித் தோல் ஓர் அடுக்கு, சிறிது சாணம் அல்லது பழைய மண் என மாற்றி மாற்றி இட்டு, ஈரம் காயாமல் பார்த்து, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் எரு ஆகிவிடும். சித்திரையில் தொடங்கினால் ஆடிப்பட்டத்திற்குக் கைகொடுக்கும். முற்றிய வெண்டை, அவரை, பீர்க்கு ஆகியவற்றின் விதைகளை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து எடுத்துவையுங்கள். ஆனியிலும் ஆடியிலும் உதிரும் வேப்பங்கொட்டைகளைச் சேகரியுங்கள். அதன் பருப்பை இடித்து, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து, வடிகட்டிச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் பூச்சிகள் பல அடங்கும்.

தண்டுக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளக் கிள்ள அது மீண்டும் தழைக்கும். முருங்கைக்கு ஒரு போத்தை நட்டாலே போதும். கம்பளிப்பூச்சிக்கு அஞ்சி மரத்தையே வெட்ட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் கிளைகளைக் கவாத்து செய்து மரத்தைத் தாழ்வாக வைத்திருந்தால் கீரையும் கைக்கு எட்டும், பூச்சியும் கண்ணில் படும்.

சீயக்காயின் சிறப்பு

கோடை வெயில் சீயக்காய்க்கு உகந்தது. ஒரு கிலோ சீயக்காயோடு கால் கிலோ பாசிப்பயறு, 100 கிராம் வெந்தயம், காய்ந்த செம்பருத்திப் பூவும் ஆவாரம்பூவும் கைப்பிடி அளவு, கறிவேப்பிலை, சிறிது பூலாங்கிழங்கு ஆகியவற்றை நன்கு காயவைத்து அரைத்துக்கொள்ளலாம். நம் ஊர் மாவு மில்களில் பலவற்றில் சீயக்காய்க்கென்றே தனி இயந்திரம் உண்டு. வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்த்தால் முடி மெதுவாகும். கொங்குநாட்டிலும் தென்மாவட்டங்களிலும் உசிலை இலையை உலர்த்திப் பொடித்த அரப்பைப் பயன்படுத்துவோரும் உளர்.

சீயக்காயில் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் உண்டு. அது எண்ணெயையும் அழுக்கையும் தண்ணீரோடு சேர்த்து வெளியேற்றுகின்றது. சோப்பு உப்புநீரில் திரிந்து முடியில் படியும். சீயக்காய் அவ்வாறு படிவதில்லை. ஷாம்பு என்னும் சொல்லே நம் நாட்டுச் சொல் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பிசைந்து அமுக்குதல் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லே இங்கிலாந்து சென்று, பின் புட்டியில் அடைபட்டு நம்மிடம் திரும்பியது!

தலைக்குத் தேங்காய் எண்ணெய் நன்றே. அது முடிக்குள் ஊடுருவி, தலை கழுவும்போது புரதச்சத்து இழப்பைக் குறைக்கின்றது என 2003ஆம் ஆண்டில் வெளியான இந்திய ஆய்வொன்று காட்டியது. முடி முறிவதை அது தடுக்கலாம்; வழுக்கையில் முடி முளைக்கச் செய்யாது.

இயற்கை என்ற பெயரில்

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். இயற்கையானவை எல்லாம் தீங்கற்றவை அல்ல. இயற்கை என்று பெயரிட்டு விற்பவை எல்லாம் இயற்கையும் அல்ல. தூய மருதாணி செம்மை நிறமே தரும். கருமை தரும் "மருதாணிப் பொடி" பலவற்றில் இரசாயனச் சாயம் கலந்துள்ளது. அது சிலருக்குக் கொப்புளமும் முகவீக்கமும் உண்டாக்கும். எதையும் முதலில் முழங்கை மடிப்பில் சிறிது பூசி, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். பேன் தொல்லைக்கு மண்ணெண்ணெயோ பயிர் மருந்தோ தலையில் தடவுவது உயிருக்கே ஆபத்து. ஈரமான கூந்தலை ஈர்வலியால் பொறுமையோடு வாருவதே நன்று. இரத்தசோகைக்கு மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையைக் கீரையை நம்பிக் கைவிடுவதும் தவறே. கீரை நாளும் காப்பது. மாத்திரை குறையைத் தீர்ப்பது. இரண்டும் வேண்டும்.

வட்டம் நிறைவுறட்டும்

சீயக்காய் தேய்த்துக் குளித்த நீர் வாழைக்கும் சேம்புக்கும் பாயட்டும். சோப்பு மிகுந்த நீரையும், பச்சையாக உண்ணும் புதினா, கொத்தமல்லிக்குக் குளித்த நீரையும் பாய்ச்ச வேண்டாம். அரிசி கழுவிய நீர் கறிவேப்பிலைக்குப் போகட்டும். இவ்வாறு தோட்டத்தில் விளைந்தது தட்டுக்கும் தலைக்கும் வந்து, மீண்டும் மண்ணுக்கே சேர்கின்றது. பணமும் மிஞ்சும், சாக்கடையில் பொட்டலக் குப்பையும் குறையும்.

அந்த வீட்டிற்கு ஆறு திங்கள் கழித்து மீண்டும் சென்றேன். முருங்கை தாழ்வாகக் கவாத்து செய்யப்பட்டிருந்தது. மருத்துவர் தந்த மாத்திரையை மகள் ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டதாகத் தாய் கூறினார். மகளின் நெற்றியோரத்தில் புதுமுடி குட்டை குட்டையாக எழுந்து நின்றது. ஆயினும் என்னை மகிழ்வித்தது அதுவன்று. மாடியில் காயவைத்த சீயக்காயை அள்ளிவர அவளே படியேறி ஓடினாள். மூச்சு வாங்காமல் இறங்கி வந்தாள்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இந்த இளவேனிலில் உங்கள் இல்லத்தில் ஒரு போத்தேனும் நடுங்கள். அதன் முதற் கீரையை வீட்டுப் பெண்களின் தட்டில் முதலில் பரிமாறுங்கள்.