42500-ல் எத்தனை பேர்?

அண்ணன் மகன் பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகைக்கு இருப்பவன். பண்டார் ரிம்பாயுவில் வீடு வாங்கி, சாவி கைக்கு வந்த வாரம் என்னைப் பார்க்க வந்தான். தெலுக் பங்லிமா காராங் சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து இரண்டு தே தாரிக் சொன்னோம், எனக்குச் சீனி கொறச்சு. போனைத் தடவிக்கொண்டே கேட்டான்: "சித்தப்பா, வீட்டு அட்ரஸ்ல 42500 தெலுக் பங்லிமா காராங்னு இருக்கு. இந்த ஊர்ல மொத்தம் எத்தன பேரு? ஒருத்தன் ஒரு நம்பர் போடுறான், இன்னொருத்தன் வேற போடுறான்."

இதற்கு ஒரு கிளாஸ் தே பத்தாது.

கிளாஸைச் சுற்றி வழிந்திருந்த ஈரத்தில் விரலை வைத்து மேசை மேல் ஒரு கோடு இழுத்தேன். இது லங்காட் ஆறு. உலு லங்காட் மலைகளில் பிறந்து, காஜாங், டெங்கில் வழியாக பந்திங்குக்கு வருகிறது. அதற்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை ஜுக்ரா மலையைத் தொட்டுக்கொண்டு தெற்கே கடலுக்குப் போகும். இன்னொன்று வடமேற்கே திரும்பி நம் ஊர்ப் பக்கமாக வந்து லுமுட் ஜலசந்தியில் விழும். இரண்டு கிளைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நிலம்தான் கேரித் தீவு. எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் பெயரால் வந்தது. அவருக்கு வெகுகாலம் முன்பே அங்கே மரம் செதுக்கி வாழ்ந்த மா மெரி மக்கள் இன்றும் இருக்கிறார்கள். நம் பக்கத்திலிருந்து ஒரு பாலம் அங்கே போகிறது.

"தெலுக்னா விரிகுடாதானே? கடலையே காணோம்?" என்றான். ஆறு வளைந்து உள்வாங்கிய இடத்தையும் மலாயில் தெலுக் என்பார்கள். இங்கே அந்தப் பொருள்தான் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. பங்லிமா என்றால் படைத்தலைவன், காராங் என்றால் மூர்க்கன். 1972-ல் மலாய் எழுத்து முறையைத் திருத்தியபோது 'தெலோக்' எல்லாம் 'தெலுக்' ஆகியிருக்க வேண்டும். ஆனால் இன்றும் ஒரே சாலையில் ஒரு பலகை அப்படியும் இன்னொரு பலகை இப்படியும் நிற்கும். பெயரிலேயே இரண்டு எழுத்து என்றால் கணக்கில் இரண்டு எண் வருவதில் என்ன ஆச்சரியம்?

நிலத்தைப் புரிந்துகொண்டால்தான் ஆள் கணக்கு புரியும். இது தட்டையான களிமண் பூமி, உள்ளே தள்ளிப் போனால் கரிச் சதுப்பு. மாவட்டத்தில் மலை என்று சொல்ல ஜுக்ரா ஒன்றுதான் உண்டு. கடல் ஏறினால் ஆறும் ஏறும். அதனால் ஆற்றோரம் மண்கரை எழுப்பி, வரிசையாகப் பாரிட் என்கிற வடிகால் வெட்டி, அது ஆற்றில் சேரும் வாயில் கதவு மாட்டினார்கள். வெளியே தண்ணீர் ஏறும்போது அந்த அழுத்தத்தில் கதவு தானே மூடிக்கொள்ளும். வெளியே இறங்கியதும் உள்ளே நிற்கும் தண்ணீர் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வடியும். மனிதன் தொடாமலே நாளுக்கு இரண்டு தடவை இது நடக்கும். இப்படி வடிந்த மண்ணில்தான் தென்னையும் ரப்பரும் நட்டார்கள், பிறகு செம்பனை வந்தது. பாரிட் வெட்டவும் பால் எடுக்கவும் நம் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள்.

தோட்டக் காலத்தில் 'எத்தனை பேர்' என்பது ஒரு கேள்வியே இல்லை. விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நிற்பார்கள். கிராணி செக்ரோல் புத்தகத்தை விரித்து, கையில் டார்ச் லைட்டோடு பெயர் பெயராகக் கூப்பிடுவார். காய்ச்சலில் படுத்தவன், பிள்ளை பெற்றவள், கிள்ளானுக்குப் போய்த் திரும்பாதவன் எல்லாம் அதில் தெரியும். அதைவிடத் துல்லியமான குடிக்கணக்கை நான் பார்த்ததில்லை. ஆனால் அது கூலிக்கு எடுத்த கணக்கு. செக்ரோலில் இல்லாத கிழவிகளை யாரும் எண்ணவில்லை.

இப்போது நிலைமை அப்படி இல்லை. தோட்டம் அழிந்து வீட்டுத் தமானானது, இன்னொரு பக்கம் வரியில்லா ஏற்றுமதித் தொழில் பேட்டை வந்தது. 2013-ல் தென் கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை புலாவ் இண்டா வரை முழுசாகத் திறந்த பிறகு, துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி இந்தக் கடை கிளாஸைக்கூட நடுங்க வைக்கிறது. லயத்திலிருந்த நம்மவர்கள் தமானுக்கும் கிள்ளானுக்கும் கலைந்துவிட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுவது இந்தோனேசியரும் வங்கதேசத்தவரும்.

சரி, எண்ணுக்கு வருவோம். கோல லங்காட் மாவட்டத்தை ஏழு முக்கிமாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒரு முக்கிமின் பெயர் தெலுக் பங்லிமா காராங். நில ஆபீஸ் போட்ட கோடு அது, கம்போங்கும் தோட்டமும் பேட்டையும் எல்லாம் அதற்குள். கடைத்தெரு மட்டும் என்று பார்த்தால் அதில் ஒரு சிறு துண்டு. தபால்காரரின் 42500 இன்னொரு கோடு, அது முக்கிமைத் தாண்டிப் போகும். 2020-ல் தரம் உயர்ந்த கோல லங்காட் நகராண்மைக் கழகத்தின் கோடு வேறு; அதன் அலுவலகம் பந்திங்கில், நாம் அதில் ஒரு மூலை. நீ போனில் பார்த்த இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம், கோடுதான் வேறு.

"அப்ப இது டவுனா கம்போங்கா?"

அதற்கும் புள்ளியியல் துறையிடம் ஒரு அளவுகோல் உண்டு. அரசிதழில் அறிவித்த பகுதியும் அதை ஒட்டிய கட்டடப் பகுதியும் சேர்ந்து 10,000 பேராவது இருக்க வேண்டும். அந்த ஒட்டிய பகுதியில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 60 விழுக்காட்டினராவது விவசாயமல்லாத வேலையில் இருக்க வேண்டும். கவனி, 'ஒட்டிய' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நடுவில் இருந்த செம்பனையை அழித்து ஒரு தமான் கட்டினால் இரண்டு குடியிருப்பும் ஒட்டிக்கொள்ளும். யாரும் வீடு மாறாமலே கிராமத்தான் பட்டணத்தான் ஆகிவிடுவான்.

யாரை எண்ணுவது என்பதும் உண்டு. 2020 கணக்கெடுப்பு எண்ணியது வழக்கமாக ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்பதை. ஆறு மாதம் இருந்தால் வெளிநாட்டுத் தொழிலாளியும் இந்த ஊர்க் கணக்கு. கிள்ளானிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் காலையில் வந்து சாயங்காலம் போகிறவள் கிள்ளான் கணக்கு. பகலில் இந்தக் கடையில் சோறு தின்கிறவர்களில் பாதிப் பேர் கணக்குப்படி இங்கே இல்லை. மாவட்டம் மொத்தத்துக்கும் 2010-ல் ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2020-ல் அது 3 லட்சத்தைத் தாண்டியது. பத்து வருசத்தில் அவ்வளவு பிள்ளை பிறக்காது, உன்னைப் போல வீடு தேடி வந்தவர்கள்தான் அதிகம்.

பையன் பையைத் திறந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தான். விரலால் தேடி ஒரு வரியில் நிறுத்தினான். "முக்கிம் தஞ்சோங் துவா பெலாஸ்னு போட்டிருக்கு?"

"ஆமா. நில ஆபீஸ்ல நீ அந்த முக்கிம். தபால்ல இந்த ஊர்."

கடைக்கார அண்ணன் காசு வாங்க வந்தார். "தம்பிக்கு எங்க வீடு?"

"ரிம்பாயு, அண்ணே."

"ஓ, கோத்தா கெமுனிங் பக்கமா? ரொம்ப தூரமாச்சே," என்றபடி மேசையிலிருந்த லங்காட் ஆற்றைத் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டுப் போனார்.