இடிந்த வீட்டில் தொடங்கும் நகைச்சுவை

வீடு இடிந்து விழுவதில் நகைப்பதற்கு என்ன உண்டு? 2010ஆம் ஆண்டு தென்கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி 16 பகுதிகளாக ஒளிபரப்பிய 'பிளேஃபுல் கிஸ்' தொடர் அங்கிருந்தே தொடங்குகின்றது.

படிப்பில் பின்தங்கிய மாணவி ஓ ஹானி. பள்ளியின் முதல் மாணவன் பெக் சுங்ஜோவுக்குக் காதற் கடிதம் கொடுத்து அவமானப்படுகின்றாள். சிறு நில அதிர்வில் அவளது புதுவீடு சரிகின்றது. தந்தையும் மகளும் தந்தையின் பழைய நண்பர் இல்லத்தில் அடைக்கலம் புகுகின்றனர். அதுவோ சுங்ஜோவின் வீடு! தாயார் அவளை மகளாகவே வரவேற்கின்றார். ஆனால் தன் அறையை அவளுக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்த சின்னத்தம்பி முறைக்கின்றான். பிறர் கூரையின் கீழ் வாழ்ந்தறிந்த நமக்கு அம்முறைப்புப் புதிதன்று.

நாயகனின் கடுஞ்சொற்களையெல்லாம் அவள் பொறுத்துக்கொள்வது நமக்கு உடன்பாடன்று. எனினும், பின்னர் அவள் தாதியர் கல்வியைத் தேர்ந்து தன் காலில் நிற்க முயல்வது மனநிறைவளிக்கின்றது.

இதன் மூலம், யப்பானிய ஓவியர் ததா கஓரு 1990இல் தொடங்கிய சித்திரக்கதை. 1999இல், தமது 38ஆவது வயதில், அதனை முடிக்காமலே அவர் மறைந்தார். ஆயினும் 1996இல் யப்பானிலும், 2005இல் தைவானிலும், பின்னர் கொரியாவிலும் அது தொடராயிற்று. வீடிழந்த பெண்ணொருத்தி அந்நிய வீட்டில் தனக்கோர் இடம் தேடிக்கொள்ளும் கதை எம்மொழியிலும் விளங்கும் போலும்.